தொட்டிக்குள் இருந்த கணையம்

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஐரோப்பாவில் சீமாட்டிகளின் கையுறைத் தோலையும் உயர்ரகப் புத்தகங்களின் அட்டைத் தோலையும் மெத்தென்று ஆக்கிக் கொடுத்தது நாய்ப்பீ. நான் வேடிக்கைக்குச் சொல்வதாகத்தான் கேட்பவர்கள் நினைப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளில், பீம் ஹவுஸ் என்று நாங்கள் சொல்லும் ஈரத்தோல் பிரிவில் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். நொதி என்று ஒன்று இருப்பதை வேதியியல் ஒப்புக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே, அதை வாளியில் அள்ளி, தரம் பிரித்து, விலை பேசி விற்ற தொழில் எங்களுடையது.

பச்சைத் தோல் டேனரிக்கு வந்ததும் உப்பும் அழுக்கும் போக ஊறவைப்போம். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் போடுவோம். மயிர் கரைந்தோ கழன்றோ போய்விடும். ஆனால் தண்ணீரின் பி.எச். 12-ஐத் தாண்டி நிற்பதால் தோல் ஊதிப் பருத்து விறைத்துவிடும். அப்படியே பதனிட்டால் கட்டியான, சொரசொரப்பான தோல்தான் கிடைக்கும். செருப்பின் அடித்தோலுக்கு அது போதும்; கையுறைக்கும் மேல்தோலுக்கும் ஆகாது. ஆகவே இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. உள்ளே ஏறிய சுண்ணாம்பை முறித்து வெளியேற்றுவது ஒன்று. நார்களுக்கு இடையில் ஒட்டிக்கிடக்கும் வேண்டாத புரதங்களையும் மயிர்வேர் மிச்சங்களையும் தளர்த்தி எடுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலைக்குப் பெயர் பேட்டிங். நாய்ப்பீ வந்து சேர்ந்த இடம் இதுதான்.

1851-இல் வெளியான தன் புத்தகத்தில் ஹென்றி மேஹ்யூ லண்டனின் தெருத் தொழிலாளர்களை வரிசையாக எழுதிவைத்தார். அவர்களில் ஒரு கூட்டத்தார், கூடையும் வாளியும் கையுமாகத் தெருத்தெருவாய் நாய் மலம் பொறுக்கி, தேம்ஸ் நதியின் தென்கரையில் பெர்மாண்ட்ஸியில் இருந்த தோல் பட்டறைகளுக்கு விற்றவர்கள். அங்கே சிறிதும் பெரிதுமாகச் சுமார் 30 பட்டறைகள் இருந்ததாக மேஹ்யூ எழுதுகிறார். ஒரு வாளிக்கு 8 முதல் 10 பென்ஸ். சரக்கு நன்றாக இருந்தால் ஒரு ஷில்லிங்குக்கு மேலும் போகும். காய்ந்து வெளுத்த சரக்குக்குத்தான் மதிப்பு அதிகம். அதனால் பழைய சுவர்ச் சாந்தைப் பொடித்துக் கலந்து விற்ற கில்லாடிகளும் இருந்தார்கள். கலப்படம் நடக்கிற அளவுக்கு அதற்கு ஒரு சந்தை இருந்தது என்பதை இங்கே பார்க்க வேண்டும். பொறுக்கியவர்களில் பலர் வேறு பிழைப்புக்கு வழியில்லாத வயதானவர்கள்.

மெல்லிய ஆட்டுத்தோலுக்கு நாய் மலம், கனமான மாட்டுத்தோலுக்குப் புறா எச்சமும் கோழி எச்சமும் என்பது அன்றைய வழக்கம். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அதில் தோலைப் போட்டு அளைய வேண்டும். நீரின் சூடு ஏறக்குறைய உடம்புச் சூடு. அளக்கக் கருவி எதுவும் இல்லை; கைதான் கருவி. நாய் என்ன தின்றது, சரக்கு எத்தனை நாள் பழையது, வெயிலா குளிரா என்பதற்கெல்லாம் ஏற்ப வேகம் மாறும். சற்று அசந்தால் மேல்பரப்பு குழிகுழியாக அரித்துவிடும், அல்லது தோல் தொளதொளத்துப் போகும். ஒரு தொட்டித் தோல் கெட்டால் வாரக் கணக்கில் போட்ட காசும் உழைப்பும் சேர்ந்து போகும். பட்டறைக்காரர் விரும்பி இதைக் கட்டி அழவில்லை. வேறு எதைப் போட்டாலும் அந்த மென்மை வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டின் வேதியியல் பல பதில்களை வைத்திருந்தது. அதில் உள்ள அம்மோனியா என்றார்கள் சிலர். அழுகல் என்றார்கள் சிலர். நாட்டிங்ஹாமில் தோல் ஆலை ஒன்றில் இருந்த வேதியியலாளர் ஜோசப் டர்னி வுட் பொறுமையாக உட்கார்ந்து அந்தக் கரைசலில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். அவரும் ஜெர்மானியர் இருவரும் சேர்ந்து, வளர்த்தெடுத்த பாக்டீரியாவைக் கொண்டே செயற்கைச் சரக்கு ஒன்றைச் செய்தார்கள். மலமில்லாமலும் பேட்டிங் முடியும் என்று அது காட்டியது. ஆனால் சந்தையைப் பிடிக்கவில்லை.

சந்தையைப் பிடித்தவர் ஓட்டோ ரோம். 1876-இல் பிறந்த ஜெர்மானியர். மருந்தாளுநராகத் தொடங்கி, வேதியியல் படித்து, 1901-இல் ட்யூபிங்கனில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆய்வுப் பொருள் அக்ரிலிக் அமிலம். ஸ்டுட்கார்ட் நகரின் எரிவாயு ஆலையில் வேலை பார்த்தபோது, நிலக்கரி வாயுவைக் கழுவிய தண்ணீரின் நாற்றம் தோல் பட்டறை நாற்றத்தை ஒத்திருப்பதைக் கவனித்தார். அந்தத் தண்ணீரில் நிறைய அம்மோனியா உண்டு. அதையே பட்டறைக்குக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. செய்து பார்த்தார். சுண்ணாம்பு போனது. தோல் மெத்தென்று ஆகவில்லை.

இந்தத் தோல்வியின் பொருள் எனக்குப் பிடிபட்டது புத்தகத்தில் அல்ல, தோலையும் தண்ணீரையும் போட்டுச் சுழற்றும் டிரம் பக்கத்தில். நான் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சட்டைப் பையில் எப்போதும் ஃபினால்ஃப்தலீன் பாட்டில் இருக்கும். தோலின் தடித்த இடத்தில் கத்தியால் கீறி, வெட்டுமுகத்தில் ஒரு சொட்டு விடுவேன். சுண்ணாம்பு மிச்சமிருந்தால் நடுவில் ரோஜா நிறக் கோடு தெரியும். நிறம் வராவிட்டால் பி.எச். 8-ஐ ஒட்டி இறங்கிவிட்டது என்று அர்த்தம். நான் திருப்தியோடு பாட்டிலை மூடும்போது மேஸ்திரி வருவார். தோலை எடுத்து, மயிர் இருந்த பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். விரல் தடம் அப்படியே பதிந்து நிற்க வேண்டும். ஆட்டுத்தோலாக இருந்தால் அதைப் பைமாதிரி சேர்த்துப் பிடித்து, உள்ளே காற்றை அடைத்து முறுக்குவார். மேல்பரப்பில் சின்னச் சின்னக் குமிழியாகக் காற்று கசிந்தால்தான் அவருக்குத் திருப்தி.

“இன்னா சார், கலரு வரல, சரி. தோலு இன்னும் எறங்கலயே. அரை மணி ஓடட்டும்” என்பார்.

என் சொட்டு சுண்ணாம்பை மட்டும்தான் பார்த்தது. அவர் கட்டைவிரல் புரதத்தைப் பார்த்தது. ரோமின் அம்மோனியாத் தண்ணீர் என் சோதனையில் தேறியிருக்கும். மேஸ்திரியின் சோதனையில் தோற்றிருக்கும். சுண்ணாம்பை முறிப்பது சாதாரண வேதிவினை. அம்மோனியம் உப்பைப் போட்டால் நடந்துவிடும். புரதச் சங்கிலியை மிதமான சூட்டில், மிதமான பி.எச்.-இல், தோலைக் கெடுக்காமல் வெட்ட வினையூக்கி வேண்டும். அது அந்த மலத்துக்குள் இருந்தது. எரிவாயுத் தண்ணீரில் இல்லை.

ரோமுக்கு அடுத்த அடியை எடுத்துவைக்க உதவியது அவர் காலத்து வேதியியலில் ஏற்பட்ட ஒரு பெரிய மாற்றம். சர்க்கரை சாராயமாவதற்கு உயிருள்ள ஈஸ்ட் வேண்டும், செல் செத்தால் வேலை நின்றுவிடும் என்பது பாஸ்டர் காலத்து நம்பிக்கை. எடுவார்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, அழுத்திப் பிழிந்து, செல்லே இல்லாத சாற்றை எடுத்தார். சாறு கெடாமல் இருக்கச் சர்க்கரை சேர்த்தபோது அது நுரைத்துப் பொங்கியது. 1897-இல் அதை வெளியிட்டார். 1907-இல் நோபல் பரிசு வந்தது. வேலை செய்யும் பொருளை உயிரிலிருந்து பிரித்தெடுத்துப் புட்டியில் வைக்கலாம் என்பது அதன் சாரம். கணையத்தில் புரதத்தை வெட்டும் நொதிக்கு ஹைடல்பர்கில் வில்லி கூனே 1876-லேயே டிரிப்சின் என்று பெயர் வைத்திருந்தார். ரோம் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். நாயின் மலத்தில் வேலை செய்வது நாயின் செரிமானம் என்றால், மலம் எதற்கு? கசாப்புக் கூடத்தில் வீணாகக் கிடக்கும் கணையம் போதுமே.

கணையச் சாறு, சுண்ணாம்பை முறிக்க அம்மோனியம் உப்பு, இரண்டையும் தாங்கிப் பிடிக்க மரத்தூள். ஓரோபான் என்று பெயரிட்டு 1907-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டு எஸ்லிங்கனில் ஓட்டோ ஹாஸுடன் கூட்டுச் சேர்ந்து ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1909-இல் நிறுவனம் டார்ம்ஷ்டாட்டுக்கு மாறியது. அதே ஆண்டில் ஹாஸ் அமெரிக்காவில் ஃபிலடெல்பியாவுக்குப் போய்க் கடை விரித்தார். அந்த ஊர் அன்று பளபளப்பான ஆட்டுத்தோலுக்குப் பேர் போனது. இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஆட்டுத்தோல்களும் அந்நாட்டுத் தொழிலுக்குத் தீனியாயின. ரோம் அதோடு நிற்கவில்லை. 1914-ஐ ஒட்டி அதே கணைய நொதியைத் துணி துவைக்கும் பொடியிலும் சேர்த்தார். இன்று நொதி கலந்த சலவைத்தூளுக்கு வரும் விளம்பரங்களுக்கெல்லாம் தாய்வீடு தோல் பட்டறைதான்.

புரதத்தை வெட்டும் நொதி தோலையே தின்றுவிடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். தோலின் உடம்பு கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை இறுக்கி முறுக்கிய கயிறு அது. முறுக்கு குலையாதவரை டிரிப்சினால் அதற்குள் வாய் வைக்க முடியாது. முறுக்கில்லாத மற்ற புரதங்களைத்தான் அது வெட்டும். இந்தப் பாகுபாடுதான் எங்கள் தொழிலுக்கு உயிர். சூடு 37 டிகிரிக்குப் பக்கத்தில், பி.எச். 8-லிருந்து 8.5-க்குள். சூடு கூடினால் முதலில் வேகம் கூடும்; மேலும் கூடினால் நொதியே வெந்து செத்துப்போகும், தோலும் கெடும். மேஸ்திரிகள் டிரம் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்ப்பதன் காரணம் இதுதான். இன்று பேட் பவுடருக்குப் பெரும்பாலும் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வளர்த்து நொதி எடுக்கிறார்கள். கணையம் பின்னுக்குப் போய்விட்டது. சூட்டு எல்லையும் கட்டைவிரலும் மாறவில்லை.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ரோமைத் தொழிலாளர்களை அசிங்கத்திலிருந்து மீட்டவராகக் காட்டி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டறைக்காரர் ஓரோபானை வாங்கியது மூட்டைக்கு மூட்டை ஒரே சீராக இருந்ததால். எத்தனை கிலோ தோலுக்கு எத்தனை கிராம் பவுடர், எத்தனை மணி நேரம் என்று எழுதிவைக்க முடிந்ததால். கெட்டுப்போகும் தொட்டிகள் குறைந்ததால். நாற்றம் குறைந்தது கூடவே வந்த லாபம். தெருவில் மலம் பொறுக்கிப் பிழைத்தவருக்குப் பிழைப்பு போனதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பேட்டிங்குக்கு முந்தைய படியைப் பார்த்தால், முடிவு செய்வது லாபம்தான் என்பது இன்னும் தெளிவாகும். மயிரை நீக்கவும் நொதி உண்டு. சல்ஃபைடு மயிரையே கரைக்கிறது. நொதி மயிர்வேரைப் பிடித்திருக்கும் புரதத்தைத் தளர்த்த, மயிர் முழுசாகக் கழன்று வருகிறது. நம் நாட்டில் எருக்கம்பாலைத் தடவித் தோலின் மயிரை எடுக்கும் பழக்கம் பழைய காலத்திலேயே இருந்தது. எருக்கம்பாலில் புரதத்தை வெட்டும் நொதிகள் இருப்பது பின்னால் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. ரோமும் பேட்டிங்குக்குப் பின் சில ஆண்டுகளிலேயே நொதியால் மயிர் நீக்கும் முறையைக் கொண்டுவந்தார். சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக இதில் உழைத்திருக்கிறது. இருந்தும் பெரும்பாலான டேனரிகளில் இன்றும் சுண்ணாம்பும் சல்ஃபைடும்தான். காரணம் எளிது. சல்ஃபைடு மலிவு, வேகம், யார் போட்டாலும் வேலை செய்யும். நொதிக்குச் சூடும் நேரமும் பார்த்துப் பார்த்துப் பிடிக்க வேண்டும். தவறினால் மேல்பரப்பு போய்விடும்.

மலிவின் விலையை வேறு இடத்தில் கட்டினோம். பாலாற்றில் கலந்த டேனரிக் கழிவு பற்றி வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்பவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்த தீர்ப்புகளில் அது ஒன்று. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ சொந்தச் சுத்திகரிப்பு ஏற்பாடோ இல்லாமல் டேனரி நடத்த முடியாது என்றாயிற்று. சல்ஃபைடுக் கழிவில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். கழிவுத் தொட்டியில் இறங்கியவர் ஏறி வராத செய்திகளை எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். டேனரி முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள். தொட்டியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். சுண்ணாம்பும் சல்ஃபைடும் தின்ற விரல் நகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வேலையைச் செய்தவரின் சாதியைச் சொல்லாமல் இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதுவது பாதி வரலாறுதான்.

ஆக, நொதி எந்தப் படியில் முதலில் நுழைந்தது என்பதை முடிவு செய்தது அறிவியல் அல்ல. வாங்குபவரின் விரல் தொட்டுப் பார்க்கிற மென்மைக்கு அது 1907-லேயே வந்துவிட்டது. தொழிலாளியின் விரலைக் காப்பாற்ற வேண்டிய படிக்கு வர நூறு ஆண்டுக்கு மேலாகியும் தயங்குகிறது. ஷூ வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் இன்று தோலில் எந்த ரசாயனம் மிஞ்சக் கூடாது என்று நீளப் பட்டியல் அனுப்புகின்றன. மயிர் எப்படி நீக்கப்பட்டது என்ற கேள்வியையும் அதில் சேர்த்து, நொதிக்கு ஆகும் கூடுதல் செலவைத் தோலின் விலையில் அவர்கள் ஏற்றுக்கொண்டால் போதும். சல்ஃபைடு மூட்டை டேனரி வாசலோடு நின்றுவிடும். அதற்கு வேண்டிய வேதியியல் தயாராகவே இருக்கிறது.