கத்தரியும் பசையும்: கைவினை வாழ்த்து அட்டையிலிருந்து ஒட்டோவியம் வரை

கலை வரலாற்று நூல்கள் பலவும் ஒட்டோவியம் பிறந்த ஆண்டு 1912 என்றே குறிக்கின்றன. அவ்வாண்டில் பாரிசில் பாப்லோ பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பெற்ற மெழுகுத்துணித் துண்டு ஒன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டி, அதற்குச் சட்டமாகக் கயிற்றைச் சுற்றினார். சில மாதங்கள் கழித்து ஜார்ஜ் பிராக், மரத்தின் வரிகளைப் போல அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டித் தம் கரிக்கோல் ஓவியத்தில் ஒட்டினார். ஒட்டுதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து 'கொலாஜ்' என்ற பெயர் தோன்றிற்று. தமிழில் அதனை ஒட்டோவியம் என்றும் ஒட்டுச்சித்திரம் என்றும் வழங்குகிறோம்.

இவ்வரலாறு பொய்யன்று; ஆனால் முழுமையுமன்று. தாளை வெட்டித் தாளின்மேல் ஒட்டும் கலை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வழக்கில் இருந்தது. ஜப்பானில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான, முப்பத்தாறு கவிஞர்களின் பாடல்களைக் கொண்ட ஏடுகளில், பல நிறத் தாள்களைக் கிழித்தும் வெட்டியும் இணைத்து, அவற்றின்மேல் கவிதைகளை எழுதியுள்ளனர். கியோத்தோவின் நிஷி ஹோங்கான்ஜி ஆலயம் அவ்வேடுகளைக் காத்து வந்துள்ளது. ஐரோப்பாவிலோ இக்கலை பெரும்பாலும் பெண்களின் கையில், வீட்டின் கூடத்தில், நண்பர்க்கும் உறவினர்க்கும் அனுப்பும் அட்டைகளிலும் குடும்பத் தொகுப்பேடுகளிலும் வளர்ந்தது. அதனாலேயே அது 'கைவேலை' என்று பெயர் பெற்றது. 'கலை' என்று பெயர் பெறவில்லை. இப்பெயர் வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது, அதனால் நாம் இழந்தவை எவை என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

எழுபத்திரண்டு வயதில் ஒரு தொடக்கம்

இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டு பிறந்த மேரி டெலனி, பதினேழாம் வயதில் தம்மினும் பல பத்தாண்டுகள் மூத்த ஒருவருக்கு மணமுடிக்கப்பெற்றார். இருபத்தைந்து வயதுக்குள் கைம்பெண்ணானார். பின்னர் 1743இல் அயர்லாந்துச் சமய குருவான பேட்ரிக் டெலனியை மணந்தார். அவரும் 1768இல் மறைந்தார். துயரில் இருந்த மேரி, தம் தோழியான போர்ட்லண்ட் கோமகளின் புல்ஸ்ட்ரோட் மாளிகையில் நெடுநாள் தங்குவார். அங்கு 1772இல் ஒரு நாள், மேசைமேல் கிடந்த சிவப்புத் தாளின் நிறமும் அருகிலிருந்த ஜெரேனியம் மலரின் நிறமும் ஒன்றாயிருப்பதைக் கண்டார். கத்தரிக்கோலை எடுத்து, தாளிலிருந்து இதழ்களை வெட்டி ஒட்டினார். அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் செய்த மலர்ப் படங்கள் 985. கருநிறம் பூசிய தாளின்மேல், மெல்லிய நிறத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒளியையும் நிழலையும் உண்டாக்கினார். ஒரே மலருக்கு இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகளை ஒட்டியதும் உண்டு. சில படங்களில் உண்மையான இலையையே தாளோடு சேர்த்து ஒட்டினார். இன்று 'கலப்பு ஊடகம்' என்று நாம் கூறுவது இதனைத்தான். அவர் ஒப்பனைக்காக மட்டும் மலர்களைச் செய்தாரல்லர். லின்னேயஸ் வகுத்த முறைப்படி தாவரங்களின் பெயர்களை எழுதினார். மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையும் பிழையாதவாறு ஒட்டினார். தாவரவியல் அறிஞர் ஜோசப் பேங்க்ஸ் அப்படங்களின் துல்லியத்தைப் பாராட்டினார்.

இங்கு நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டெலனி தம் படங்களின் பின்புறத்தில் தாவரத்தின் பெயரையும், செய்த நாளையும், இடத்தையும், பல வேளைகளில் அச்செடியைத் தந்தவரின் பெயரையும் குறித்து வைத்தார். கண்ணொளி குன்றியதால் 1782இல் அப்பணியை நிறுத்தினார். குடும்பத்தினர் பேணிக் காத்த அத்தொகுதிகள் 1897இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. குறிப்பும் பேணுதலும் இருந்தமையால் அப்படைப்பு பிழைத்தது. அவை இல்லாமையால் மறைந்துபோன கைகள் எத்தனையோ!

அஞ்சல் கட்டணமும் அட்டையின் அடுக்குகளும்

கைவினை அட்டைகள் பரவுவதற்கு அஞ்சல் சீர்திருத்தம் பெருங்காரணமாயிற்று. பிரிட்டனில் 1840க்கு முன்பு, கடிதத்துக்கான கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைந்தது. பெறுபவரே அதனைச் செலுத்துவது பெருவழக்கு. ஒரு தாளுக்குள் இன்னொரு தாளை வைத்தாலே கட்டணம் கூடும். ரோலண்ட் ஹில்லின் முயற்சியால் 1840இல் வந்த ஒரு பென்னி அஞ்சல், எண்ணிக்கையை விடுத்து எடையைக் கணக்கிட்டது. அரை அவுன்ஸுக்குள் எத்தனை துண்டுகளை அடுக்கினாலும் கட்டணம் ஒன்றே. பூப்பின்னல் தாள், பட்டு நாடா, வெட்டிய வண்ணப் படம் ஆகியவற்றை அடுக்கி ஒட்டிய அட்டைகள் இதனால் எளியோர்க்கும் எட்டின.

லண்டனில் ஹென்றி கோல் என்பார் 1843இல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிட்டு வெளியிட்டார். வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே மறுமொழி எழுத அவருக்கு நேரமில்லை. ஆதலின் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு படத்தை வரையச் செய்து, கல்லச்சில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டச் செய்தார். அட்டை ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். அச்சிட்ட அட்டை கைப்பட எழுதும் உழைப்பைக் குறைக்கவே தோன்றியது என்பதை நாம் நினைவில் கொள்ளலாம். கைவினை அட்டையோ அதற்கு நேர் எதிரான நோக்கம் உடையது. உழைப்பை மிகுவிப்பதன் வாயிலாகவே அன்பைப் புலப்படுத்துவது அது.

அவ்வுழைப்பைத் தொழிலாக்கியவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து எஸ்தர் ஹௌலண்ட். 1847இல் கல்லூரிப் படிப்பை முடித்த அவர், இங்கிலாந்திலிருந்து வந்த அலங்காரக் காதலர் தின அட்டை ஒன்றைக் கண்டு, அதனினும் சிறப்பாகத் தம்மால் செய்ய இயலும் என்று துணிந்தார். அவர் தந்தை எழுதுபொருள் வணிகர். சில மாதிரி அட்டைகளைச் செய்து, வணிகப் பயணம் சென்ற தம் சகோதரரிடம் கொடுத்தனுப்பினார். இருநூறு டாலருக்கு ஆணை கிடைத்தால் போதும் என்றிருந்தவருக்கு ஐயாயிரம் டாலருக்கு ஆணைகள் வந்ததாகக் கூறுவர். தோழியரை அழைத்து, வீட்டின் மேல்மாடியில் வேலையைப் பகுத்துக் கொடுத்தார். ஒருவர் படங்களை வெட்டுவார். ஒருவர் பின்புலத்தை அமைப்பார். ஒருவர் பூப்பின்னல் தாளை ஒட்டுவார். ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலைக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னரே, அந்த மாடியில் தொடர்வரிசை உற்பத்தி நடந்தது.

அட்டைகளின் பின்புறத்தில் ஹௌலண்ட் தம் பெயரின் முதலெழுத்தைச் சிவப்பில் பொறித்தார். அச்சிற்றெழுத்தைக் கொண்டே இன்று அவருடைய அட்டைகளை அடையாளம் காண்கின்றனர். எனினும் மேசையைச் சுற்றி அமர்ந்து வெட்டியும் ஒட்டியும் உழைத்த பெண்களின் பெயர்கள் அட்டைகளில் இல்லை.

அஞ்சலட்டையிலிருந்து பிறந்த நவீனக் கலை

இருபதாம் நூற்றாண்டில் புகைப்படத் துண்டுகளை ஒட்டிப் படைக்கும் 'ஃபோட்டோமொன்டாஜ்' பெர்லினின் டாடா இயக்கத்தாரிடையே வளர்ந்தது. அதன் தோற்றத்தைப் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. முதற்கதை: முதலாம் உலகப் போரின்போது ஜார்ஜ் குரோஸும் ஜான் ஹார்ட்ஃபீல்டும் தணிக்கையாளரின் கண்ணில் படாதவாறு, சொல்லால் கூறவியலாத கண்டனத்தைப் படத்துண்டுகளாக அஞ்சலட்டைகளில் ஒட்டி அனுப்பினர் என்பது. இரண்டாம் கதை: 1918இல் பால்டிக் கடற்கரைக்கு ஓய்வுக்காகச் சென்ற ஹன்னா ஹோஹும் ராவுல் ஹவுஸ்மனும், அங்குள்ள வீடுகளில் படைவீரர் நினைவுப் படங்களைக் கண்டனர் என்பது. சீருடை அணிந்த வீரனின் அச்சுப் படத்தில், அவ்வீட்டு மகனின் முகத்தைப் புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தனர். எது முந்தியது என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. இரண்டு கதைகளிலும் நவீனக் கலையின் ஊற்று, எளிய மக்களின் அட்டையிலும் நினைவுப் படத்திலுமே இருக்கிறது என்பதே நாம் கருதத்தக்கது.

ஹோஹ் அந்நாளில் ஒரு பெரிய பதிப்பகத்தில் பின்னல், பூத்தையல் ஆகியவற்றுக்கான மாதிரிகளை வரையும் பணியில் இருந்தார். அலுவலகத்தில் கிடைத்த இதழ்களும் மாதிரித் தாள்களும் அவர் ஒட்டோவியங்களில் இடம்பெற்றன. 1920இல் நடைபெற்ற டாடா கண்காட்சியில் இடம்பெற்ற அவருடைய புகழ்பெற்ற படைப்பின் தலைப்பில் சமையலறைக் கத்தி வருகிறது. அத்தலைப்பு தற்செயலானது அன்று என்பது நம் கருத்து. அவரைக் கண்காட்சியில் சேர்ப்பதற்கே குரோஸும் ஹார்ட்ஃபீல்டும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தாமும் விலகுவதாக ஹவுஸ்மன் கூறிய பின்னரே அவருக்கு இடம் கிடைத்தது. பின்னாளில் நாட்ஸி ஆட்சி அக்கலையைச் 'சீரழிந்த கலை' என்று பழித்தபோது, பெர்லினின் புறநகரில் இருந்த தம் சிறு வீட்டில் தம் படைப்புகளையும் நண்பர்களின் படைப்புகளையும் மறைத்துக் காத்தவர் அந்த ஹோஹே.

பிக்காசோவும் பிராக்கும் செய்தது புதுமையன்று என்று நாம் கூற வரவில்லை. ஓவியம் என்பது உலகைப் போலச் செய்வதா, உலகின் துண்டையே உள்ளே கொணர்வதா என்ற வினாவை அவர்கள் எழுப்பினர். அவ்வினா புதிது. ஆனால் அவ்வினாவை எழுப்பிய கருவிகளான கத்தரியும் பசையும் பழந்தாளும் பெண்களின் மேசையில் முன்னரே ஆயத்தமாக இருந்தன.

நம் வட்டாரத்தில்

சிங்கப்பூரில் இக்கலையைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் கோ பெங் குவான். 1937இல் மேடானில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த அவர், 1960களில் நியூயார்க்கில் பயின்றார். தேநீர்ப் பொட்டலத் தாள், சீன மருந்துக் கடைத் தாள் போன்ற அன்றாடத் தாள்களை அவர் ஓவியத்துக்குள் கொணர்ந்தார். 1982இல் யுஓபி ஓவியப் போட்டியின் முதற்பரிசையும், 1989இல் கலாசாரப் பதக்கத்தையும் பெற்றார். கடைத்தெருவில் கசக்கி எறியப்படும் தாளுக்குள் ஒரு சமூகத்தின் நினைவு உறைந்திருக்கிறது என்பதை அவர் படைப்புகள் உணர்த்துகின்றன. சீனப் புத்தாண்டு முடிந்ததும் அங்பாவ் உறைகளை மடித்தும் ஒட்டியும் விளக்குகளும் மீன்களும் செய்யும் வீட்டு வழக்கத்தையும் இதனோடு சேர்த்தே எண்ணலாம்.

தமிழர் மரபிலும் இதற்கு வேர் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகையும் துணியும் சுண்ணக் கலவையும் பொற்தகடும் கண்ணாடிக் கற்களும் ஒன்றுசேர்கின்றன. 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிய பின்னர், தெய்வப் படங்கள் எளிய வீடுகளையும் அடைந்தன. அவ்வச்சுப் படங்களின்மேல் பட்டுத் துணியும் சரிகையும் மணிகளும் தைத்தும் ஒட்டியும், இலக்குமிக்கும் சரசுவதிக்கும் சேலை உடுத்தியுள்ளனர். அத்தகைய படங்களைச் செட்டிநாட்டு வீடுகளில் காணலாம். ஒரே அச்சில் பல்லாயிரமாக வந்த படம், ஒருத்தியின் கைபட்டதும் அவ்வீட்டுக்கே உரிய படமாயிற்று. அச்சுப் படத்தில் ஓவியரின் பெயர் இருக்கும்; சேலை உடுத்தியவளின் பெயர் இராது.

சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்து அட்டைகளையும், நம் நாட்டு அஞ்சலில் குவிந்த தீபாவளி, நோன்புப் பெருநாள் அட்டைகளையும் இன்று கைப்பேசி வாழ்த்துகள் பெரும்பாலும் விலக்கிவிட்டன. இதனால் இழப்பது அட்டையை மட்டுமன்று. தமிழைக் கைப்பட எழுத வாய்ப்புக் குறைந்த இச்சூழலில், பாடநூலுக்கு வெளியே ஒரு பிள்ளை தன் பாட்டிக்காகத் தமிழில் இரண்டு வரி எழுதும் இடமாக வாழ்த்து அட்டை இருந்தது. அவ்விரு வரியில் ஒற்றுப்பிழை இருந்திருக்கலாம். அதனைப் பெற்றவர் அதற்காக அட்டையை எறிந்துவிடவில்லை.

'ஒட்டு' என்னும் சொல்லைத் தமிழ் பல இடங்களில் ஆள்கிறது. இலக்கணத்தில் முன்னொட்டும் பின்னொட்டும் உண்டு. தோட்டத்தில் ஒட்டுமாங்கன்று உண்டு. வாழ்க்கையில் ஒட்டுறவு உண்டு. தனித்தனியான இரண்டைச் சேர்த்து உயிர்ப்புள்ள ஒன்றாக்குவதே இவை அனைத்துக்கும் பொதுப்பொருள். கைவினை அட்டையும் அதனையே செய்கிறது.

ஆகவே நாம் வேண்டுவது சிறிது. இவ்வாண்டுத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பிள்ளைகளுடன் அமர்ந்து ஓர் அட்டையேனும் செய்வோம். வீட்டில் பழைய அட்டைகள் இருப்பின் அவற்றைக் காப்போம். மேரி டெலனி செய்ததைப் போல, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் செய்தவர் பெயரையும் ஆண்டையும் ஊரையும் தமிழில் எழுதி வைப்போம். நாளைய வரலாற்றாசிரியர் ஒருவர் அவ்வட்டையைப் புரட்டிப் பார்க்கும்போது, அதனைச் செய்த கைக்கு உரியவர் யார் என்பதை அவ்வொரு வரி சொல்லும்.