ஏட்டின் ஈற்றில் ஒரு பெயர்



அறிவு பரவுவதற்கு எழுத்தறிவு இன்றியமையாதது என்பது இன்று எல்லோரும் ஏற்கும் கருத்து. எனினும், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத எத்தனையோ பேர் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே கந்தபுராணக் கதையை அடிமுதல் முடிவரை அறிந்திருந்தனர். இதற்குக் காரணமாய் அமைந்தது புராணபடனம். கோயில் மண்டபத்திலே ஒருவர் செய்யுளைப் படிப்பார். அருகிலிருப்பவர் அதற்குப் பயன் சொல்லுவார். பயன் சொல்லுபவர் தவறினால், கேட்டிருக்கும் முதியவர் ஒருவர் இடைமறித்து வினாவுவதும் உண்டு. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் எமது பண்பாட்டைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என அழைத்ததன் பின்னணி இதுவேயாகும். அம்மண்டபத்தினுள்ளே நுழைய அனுமதிக்கப்படாத மக்களும் எம்மிடையே இருந்தனர் என்பதையும் இவ்விடத்தில் மறைக்காமற் சொல்லவேண்டும்.

புராணம் எழுதப்பட்டிருந்த ஏட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்குப் படியெடுத்தவர்கள் பலர், ஈற்றிலே தம் பெயரையும் எழுதி முடித்த ஆண்டையும் நாளையும் பொறித்து வைத்தனர். அதனைப் பெருமைக்காகச் செய்த காரியம் என்று மாத்திரம் நான் கருதவில்லை. ‘இதிலே பிழையிருப்பின் கேட்கவேண்டிய ஆள் நான்’ என்று படிப்பவனுக்குக் கொடுத்த வாக்குறுதியாகவும் அது இருந்தது. சாதாரண மக்கள் அறிவைப் பெற்ற வழிகள் காலந்தோறும் மாறின. ஆனால் ‘சொன்னவர் யார், அவரைத் திருப்பிக் கேட்கலாமா?’ என்னும் வினா மாறவில்லை. எமது அறிவு வரலாற்றை இவ்வினாவைக் கொண்டே அளந்து பார்க்கலாம் என நினைக்கிறேன்.

1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1834இல் மானிப்பாயில் அச்சியந்திரம் நிறுவினர். 1841இல் தமிழும் ஆங்கிலமும் கலந்த ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கிற்று. சமயத்தோடு கல்வி, விஞ்ஞானம், வேளாண்மை ஆகியனவும் அதன் பக்கங்களில் இடம்பெற்றன. இதற்கு எதிர்முனையில் நின்ற நல்லூர் ஆறுமுக நாவலரும் அதே கருவியையே கையிலெடுத்தார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். சிறுவருக்குப் பாலபாடங்களையும், செய்யுள் விளங்காதாருக்குப் பெரியபுராண வசனத்தையும் அச்சிட்டார். ஒரு சாரார் துண்டுப்பிரசுரம் வெளியிட, மறு சாரார் அதற்குக் கண்டனம் வெளியிட்டனர். அக்கண்டனங்களின் நடை சில வேளை கடுமையானதுதான். ஆயினும் இரு பக்கத்து வாதங்களையும் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு வாசகனுக்குக் கிடைத்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887இல் பதிப்பித்ததும், தன் பெயரில் அப்பொறுப்பை ஏற்ற செயலேயாகும்.

இருபதாம் நூற்றாண்டிலே ஊர்தோறும் வாசிகசாலைகள் தோன்றின. 1930இல் வீரகேசரியும், 1932இல் தினகரனும், 1959இல் ஈழநாடும் பிறந்தன. வீடுதோறும் பத்திரிகை வாங்க வசதியில்லாத அக்காலத்தில் வாசிகசாலைக்கு வரும் ஒரு பிரதியே ஊருக்குப் போதுமாயிற்று. ஒருவர் உரத்து வாசிப்பார். தோட்டத்தால் வந்தவர் திண்ணையிலிருந்து கேட்பார். வாசித்து முடிந்ததும் விவாதம் தொடங்கும். புராணபடன மண்டபத்திலே நிகழ்ந்த அதே காரியம், வேறொரு கூரையின்கீழ் நிகழ்ந்தது எனலாம்.

யாழ்ப்பாணப் பொது நூலகமும் தனிமனிதர் ஒருவரின் வீட்டிலிருந்தே புறப்பட்டது. க. மு. செல்லப்பா என்பவர் 1933இல் தம் வீட்டில் நூல்களைச் சேர்த்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 844 நூல்களுடன் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. 1959இல் புதிய கட்டடம் எழுந்தது. 1981ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அவ்வேடுகளின் ஈற்றிலிருந்த பெயர்களும் அவற்றோடு போயின.

தொண்ணூறுகளில் நான் பள்ளி மாணவன். மின்சாரமில்லை, அச்சுத்தாள் வருவதற்குத் தடை. பத்திரிகைகள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலே வெளிவந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டோம். கேட்டவற்றை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ‘இது ஆர் சொன்னது? பீபீசியோ, வெரித்தாஸோ, கொழும்போ?’ என்று முதலில் விசாரிப்பார்கள். மூன்றையும் ஒப்பிட்டு, மூன்றிலும் சொல்லப்படாததை ஊகித்து, அதன் பின்னரே ஒரு முடிவுக்கு வருவார்கள். அவர்களுட் பலர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடுகளுக்குச் செய்ததை இவர்கள் செய்திகளுக்குச் செய்தார்கள்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி. இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. 2005இல் இளைஞர் சிலர் தொடக்கிய ‘நூலகம்’ மின்னூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. ஒரே இடத்தில் இருந்தது எரிந்தது. பலர் அலுமாரிகளில் சிதறிக் கிடந்தது இன்று உலகெங்கும் திறக்கிறது. அதிலே ஆசிரியர் பெயரும், பதிப்பகமும், ஆண்டும் நூலின் பெயரோடு சேர்த்தே பதியப்பட்டிருக்கின்றன. ஏட்டின் ஈற்றுக்குறிப்பு அங்கே உயிரோடிருக்கிறது.

ஆனால் அதே தொலைபேசியில் வேறொன்றும் வருகிறது. 2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்திலே கருத்தடை மாத்திரை கலந்த உணவு கொடுக்கப்படுவதாகச் சமூக ஊடகங்களில் வதந்தி பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அதில் இருந்தது மாக்கட்டியே என்று தெரியவந்தது. அதற்கு அடுத்த மாதம், தாக்குதலொன்றில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, கண்டி மாவட்டத்தில் வன்செயல் மூண்டது. அப்போதும் வெறுப்புச் செய்திகள் கைத்தொலைபேசிகளின் வழியே ஓடின. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. வீடிழந்தவனுக்கு அந்தச் செய்தியை முதலில் எழுதியவர் யாரென்று கேட்க வழியில்லை. அனுப்பியவர்கள் ஆயிரம் பேர், சொன்னவர் ஒருவருமில்லை.

கருவியைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பொய்யான துண்டுப்பிரசுரங்கள் அச்சுக் காலத்திலும் இருந்தன. வேறுபாடு ஒன்றுதான். மண்டபத்திலும் வாசிகசாலையிலும் நாம் கூடியிருந்து கேட்டோம்; பக்கத்திலிருந்தவர் ஐயப்பட்டால் எமக்கும் ஐயம் பிறந்தது. தொலைபேசியை நாம் தனித்திருந்து வாசிக்கிறோம். ஆகவே இடைமறித்துக் கேட்கும் அந்த முதியவர் இனி எமக்குள்ளேயே இருந்தாகவேண்டும்.

எனது உயர்தர வகுப்பு மாணவருக்கு இப்போது ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். தொலைபேசியில் வந்த செய்தியொன்றைக் கொப்பியில் எழுதி, அதன் கீழே பழைய ஏட்டில் உள்ளவாறு, சொன்னவர் பெயரையும் இடத்தையும் நாளையும் குறிக்கவேண்டும். குறிக்க இயலாத செய்தியை வேறொருவருக்கு அனுப்பக்கூடாது என்பதே விதி. பலருடைய கொப்பியில் செய்தி நிறைந்திருக்கும். அதன் கீழ் வரி வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை ஒரு மாணவன் தன் கண்ணாலே கண்டுவிட்டானாயின், அன்றைய பாடம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.