விருந்துக்கு வெளியே அமர்ந்தவர்



ஓவியத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு, யார் இல்லை என்றும் கேட்பது நமக்குப் பழக்கம். அப்படிக் கேட்க வேண்டிய ஓவியம் ஒன்று வார்சா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போலந்து ஓவியர் யான் மாத்தேய்கோ 1862இல், தம் 24ஆம் வயதில் வரைந்த ‘ஸ்தான்சிக்’.

ஸ்தான்சிக், 16ஆம் நூற்றாண்டு அரசவைக் கோமாளி. சிவப்பு உடையில் நாற்காலியில் சரிந்து அமர்ந்திருக்கிறார். விரல்கள் கோத்திருக்கின்றன. கோமாளிக்கோல் தரையில் கிடக்கிறது. மேசைமீது கெட்ட செய்தி சொல்லும் கடிதம். ஸ்மோலென்ஸ்க் நகரம் பறிபோய்விட்டது. அடுத்த அறையில் அரசி போனாவின் விருந்து ஒளியோடு நடக்கிறது. சாளரத்துக்கு வெளியே வால்நட்சத்திரம். பிறரைச் சிரிக்க வைப்பதற்கென்றே அமர்த்தப்பட்டவர் இருட்டில் இருக்கிறார். கவலைப்பட வேண்டியவர்கள் வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். இரு அறைகளுக்கும் நடுவே ஒரு வாசல்தான். ஓவியத்தின் துயரம் முழுவதும் அந்த வாசலில் இருக்கிறது.

ஆனால் இந்தக் காட்சி நடந்ததில்லை. ஸ்மோலென்ஸ்க் மாஸ்கோவிடம் வீழ்ந்தது 1514இல். போனா முதலாம் சிகிஸ்மண்டை மணந்து அரசியானது 1518இல். மாத்தேய்கோ பேசியது தம் காலத்தைப் பற்றி. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் கூறுபோட்டதில் போலந்து என்ற அரசே வரைபடத்தில் இல்லாமல் போயிருந்தது. இரண்டாம் பிரிவினையில் மட்டும் ஆஸ்திரியா சேரவில்லை. நாடிழந்த ஓவியர் கோமாளிக்குத் தம் முகச்சாயலையே கொடுத்தார். மறு ஆண்டு ஜனவரியில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது.

இங்கே நம் கேள்வி வருகிறது. அதே சிகிஸ்மண்டின் ஆட்சியில்தான், 1520இல், குடியானவர்கள் வாரத்தில் ஒரு நாள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும் என்று சட்டமானது. விருந்து மேசைக்குத் தானியம் விளைவித்த அவர்கள், ஆடுகிறவர்களிடையிலும் இல்லை, அழுகிறவரின் பக்கத்திலும் இல்லை.

கோமாளியின் தனிமை உண்மையானது; அதை நாம் மதிக்கிறோம். அவருக்கு அரண்மனைக்குள் ஒரு நாற்காலியாவது இருந்தது. தேசத்தின் இழப்பை எழுதும் வரலாறு, அந்தத் தேசத்தில் இழப்பதற்கு நிலமே இல்லாதிருந்தவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓவியத்துக்கு வெளியே நிற்கும் அவர்களுடைய துயரத்தை எழுதும் வேலை மீதமிருக்கிறது.