பின்னதிர்வுகளும் அணுமின் நிலையப் பாதுகாப்பும்: ஜப்பான், ஏப்ரல் 2011

பெரிய நிலநடுக்கம் ஒன்றுக்குப் பிறகு அதே வட்டாரத்தில் அடுத்தடுத்து வரும் அதிர்வுகள் பின்னதிர்வுகள் எனப்படும். 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு ஜப்பானின் வடகிழக்குக் கடலடியில் நேர்ந்த 9.0 அளவு நிலநடுக்கத்தின் பின்னால் இவை ஆயிரக்கணக்கில் வந்தன. அவற்றில் இரண்டு, அணு உலைகளைப் பற்றிய அச்சத்தை மறுபடி கிளப்பிவிட்டன. ஒன்று ஏப்ரல் 7 இரவு 11.32க்கு மியாகி மாநிலக் கடலோரத்தில் வந்தது. ஜப்பான் வானிலை முகமையின் கணக்கில் அதன் அளவு 7.2. மற்றது ஏப்ரல் 11 மாலை 5.16க்கு ஃபுகுஷிமா மாநிலத்தின் தென்பகுதியில், நிலத்துக்கு அடியிலேயே வந்தது, அளவு 7.0. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, பின்னதிர்வையும் அப்படித் தூவானமாக நினைப்பதுதான் பொதுவழக்கம். அணுமின் நிலையத்துக்கு அந்த நினைப்பு பொருந்தாது. பின்னதிர்வு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், அது வந்து சேரும்போது நிலையம் எந்த நிலைமையில் இருக்கிறது என்பதே ஆபத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. ஒருநாள் முழுக்க நனைந்து ஊறிய மண்சுவர் மறுநாள் சாரலுக்கே சரிந்துவிடும்.

பின்னதிர்வுகள் எப்படித் தணிகின்றன என்பது தெரிந்த விஷயம்தான். 1891ஆம் ஆண்டின் நோபி நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஃபுசாகிச்சி ஓமோரி, நாள் செல்லச் செல்ல அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ காலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று 1894இல் காட்டினார். மிகப் பெரிய பின்னதிர்வு முதன்மை அதிர்வைவிடச் சுமார் 1.2 அளவு குறைந்திருக்கும் என்பது போத் விதி. இரண்டுமே சராசரியைச் சொல்பவை. எண்ணிக்கை குறைகிறது என்பதற்கு, இனி பெரியது வராது என்று பொருளில்லை. அதோடு, 9.0இலிருந்து 1.2ஐக் கழித்தாலும் 7.8 மிஞ்சுகிறது, அது தனியாக வந்திருந்தால் நாட்டையே உலுக்கிய பேரிடர் என்று பேசியிருப்பார்கள். முதன்மை அதிர்வு நடந்து அரை மணி நேரத்துக்குள் இபராகி கடற்பகுதியில் வந்ததே 7.6 அளவு. இடமும் ஆழமும் வேறு கணக்கு. ஏப்ரல் 7 அதிர்வு, இரு புவித்தட்டுகள் உரசும் பரப்பில் எழாமல், கீழே அமிழும் தட்டின் உட்புறம் உடைந்ததால் எழுந்தது. இவ்வகை அதிர்வு அளவில் சிறியதானாலும் கடுமையாகவும் வேகமாகவும் குலுக்கும். ஒனகவா அணுமின் நிலையத்தில் பதிவான அதிர்வு, சில அலைவுநேரங்களில் வடிவமைப்பு வரம்பையே தாண்டியது.

அணு உலையை நிறுத்துவது எளிது. நிறுத்திய உலையைக் குளிர்விப்பதுதான் பாடு. கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே போனதும் பிளவுத் தொடர் நின்றுவிடும். ஆனால் பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே வெப்பத்தை வெளியிடும். நிறுத்திய கணத்தில் அது முழுத்திறனில் 6 அல்லது 7 விழுக்காடு. ஒரு நாளில் அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அதன்பின் மெல்லத்தான் இறங்கும். ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் முதல் உலையின் வெப்பத்திறன் 1380 மெகாவாட். ஒரு மாதம் கழிந்த பிறகும் அதில் ஏறக்குறைய 2 மெகாவாட் வெப்பம் ஊறிக்கொண்டிருக்கும் என்று கணக்கிடலாம். இதை வெளியேற்ற நீர் ஓட வேண்டும், நீர் ஓட பம்பு ஓட வேண்டும், பம்பு ஓட மின்சாரம் வேண்டும். அதனால்தான் வெளி மின்தொகுப்பு, டீசல் ஜெனரேட்டர், மின்கலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அரண்கள். மார்ச் 11 அன்று டாய்ச்சியில் அதிர்வு வெளிமின்சாரத்தை அறுத்தது. ஏறத்தாழ 50 நிமிடம் கழித்து வந்த சுனாமி, அடித்தளங்களில் இருந்த ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. ஏப்ரலில் அங்கே இருந்தவை அரண்களே அல்ல, அவசரத்துக்கு இழுத்துப் போட்ட கம்பிகளும் குழாய்களும்தான்.

ஏப்ரல் 7 இரவில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நால்வர் உயிரிழந்தார்கள், வடகிழக்கு ஜப்பானில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. டாய்ச்சியில் பணியாளர்கள் அதிர்வு தாங்கும் கட்டடத்துக்குள் ஒதுங்கினார்கள். உலைகளுக்கு நீர் போவது நிற்கவில்லை. ஒனகவாவில் வெளிமின் இணைப்புகளில் ஒன்று மட்டுமே தப்பியது. பயன்படுத்திய எரிபொருள் வைத்திருந்த குளங்களின் குளிரூட்டல் சிறிது நேரம் நின்றது, குளத்து நீர் அலம்பி வெளியே சிந்தியது. அவோமோரியின் ஹிகாஷிடோரி நிலையத்தில் வெளிமின்சாரம் முற்றாகப் போயிற்று. பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த அந்த நிலையத்தில் எரிபொருள் முழுவதும் குளத்தில்தான் இருந்தது. இருந்த மூன்று அவசர ஜெனரேட்டர்களில் இரண்டு பழுதுபார்ப்பில் இருந்தன. மிச்சமிருந்த ஒன்று ஓடத் தொடங்கியது. மறுநாள் அதிகாலையில் மின்தொகுப்பு திரும்பியது. அன்று பிற்பகலில் அந்த ஜெனரேட்டரில் எரிபொருள் கசிந்தது, நிறுத்திவிட்டார்கள். பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது: ஒரு பேக்கிங் வளையத்தை முன்பின் மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். மின்தொகுப்பு திரும்பப் பிற்பகல்வரை தாமதமாகியிருந்தால், பராமரிப்பில் திருப்பிப் போட்ட அந்த வளையமே ஒரு நிலையத்தின் கடைசி அரணாக இருந்திருக்கும். அதுவரை விதிப்படி, குளிர்நிலையில் நிறுத்தப்பட்ட உலைக்கு ஒரு ஜெனரேட்டர் தயாராக இருந்தாலே போதும் என்றிருந்தது. ஏப்ரல் 9 அன்று அணு மற்றும் தொழில்துறைப் பாதுகாப்பு முகமை அதை இரண்டாக உயர்த்தியது.

நான்கு நாள் கழித்து டாய்ச்சியின் முறை வந்தது. ஏப்ரல் 11 அதிர்வில் முதல் மூன்று உலைகளுக்கான வெளிமின்சாரம் அறுந்து, நீர் செலுத்தும் பம்புகள் நின்றன. 5.56க்கு மின்சாரம் வந்தது, 6.04க்கு நீர் ஓடியது. இடையே 48 நிமிடம். அந்த நேரத்தில் சுனாமி எச்சரிக்கையும் இருந்ததால், ஆட்களைக் கரைப்பக்கம் அனுப்புவதா வேண்டாமா என்பதே ஒரு சிக்கல். இந்த அதிர்வில் நிலம் பிளந்த இடங்களில் ஒன்று யுனோதாகே பிளவுக்கோடு. இனி அசையாத கோடு என்று, டாய்ச்சியை நடத்திய டெப்கோ நிறுவனம் தன் ஆய்வில் ஒதுக்கி வைத்திருந்த கோடு அது. இறந்ததாக எழுதி வைத்தது எழுந்து நடந்ததும், மற்ற நிலையங்களைச் சுற்றிலும் அப்படி ஒதுக்கப்பட்டவற்றை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

பின்னதிர்வு குறித்த இந்த அச்சத்துக்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதே. இரண்டு பின்னதிர்வுகளிலும் கதிரியக்கம் புதிதாகக் கசியவில்லை, எந்த உலையும் கூடுதலாகச் சேதமடையவில்லை, மாற்று ஏற்பாடுகள் வேலை செய்தன. அப்படியானால் பயம் வீண்தானே என்பார்கள். விளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் ஒரு கோளாறு இருக்கிறது. ஹிகாஷிடோரியில் விபத்து நேராததற்கு அமைப்பின் வலிமை ஒரு காரணம், மின்தொகுப்பு காலையிலேயே திரும்பியது இன்னொரு காரணம், எரிபொருள் ஆறிப்போய்க் குளத்தில் கிடந்தது மூன்றாவது. கடைசி இரண்டும் வடிவமைப்பாளரின் சாதனைகள் அல்ல. அரண்களை அடுக்கி வைப்பதன் பயன், ஒவ்வோர் அரணும் மற்றதைச் சாராமல் தனியே தோற்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. பின்னதிர்வு அந்த அனுமானத்தையே அடிக்கிறது: ஒரே நிலம் ஒரே நேரத்தில் மின்கம்பத்தையும் குழாயையும் சாலையையும் குலுக்குகிறது, அதுவும் ஏற்கெனவே ஒருமுறை குலுங்கியவற்றை.

அச்சமே கேடு செய்யும் என்பது அடுத்த மறுப்பு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஃபுகுஷிமா மாநிலத்தில் இடப்பெயர்வும் அதன் நெடுந்துயரும் சார்ந்த மரணங்களாக அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டவை 2300க்கும் மேல். முதியோர் இல்லங்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் அவசரமாக அப்புறப்படுத்தப்பட்ட நோயாளிகளும் இதில் அடக்கம். ஆகவே எல்லா அச்சமும் சம எடை உடையதல்ல. 2016 நவம்பர் 22 அன்று 7.4 அளவு அதிர்வில் ஃபுகுஷிமா டைனி அணுமின் நிலையத்தின் மூன்றாம் உலைக்குளத்தில் குளிரூட்டல் சுமார் ஒன்றரை மணி நேரம் நின்றதும் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. குளத்து நீர் சூடேறியது ஒரு டிகிரிக்கும் குறைவு. வரம்பு 65 டிகிரி. ஐந்தாண்டுக்கும் மேலாக ஆறிய எரிபொருள் அது. ஆற அமரச் சரிசெய்ய நாள்கணக்கில் அவகாசம் இருந்தது. டாய்ச்சியின் நான்காம் உலைக்குளம் அப்படியல்ல. விபத்தின்போது நேர்ந்த வெடிப்பில் சிதைந்த கட்டடத்தின் மேல்தளத்தில் 1535 எரிபொருள் கற்றைகள் இருந்தன. இன்னொரு பெரிய அதிர்வில் குளம் இடிந்தால் என்ன ஆகும் என்று உலகமே கேட்டது. குளம் தாங்கும் என்பதுதான் டெப்கோவின் கணக்கு. இருந்தும் 2011 ஜூலைக்குள் குளத்தின் அடியில் தாங்குகட்டுமானம் எழுப்பினார்கள், 2014 டிசம்பரில் எல்லாக் கற்றைகளையும் வெளியே எடுத்து முடித்தார்கள். கேள்வி கேட்டவர்களைப் பதற்றக்காரர்கள் என்று சொன்னவர்களும் அந்த வேலையை வேண்டாமென்று சொல்லவில்லை.

பின்னதிர்வு என்ற சொல்லே பின்னாளில் ஐயத்துக்கு உள்ளானது. 2016 ஏப்ரல் 14 அன்று குமாமோட்டோவில் 6.5 அளவு அதிர்வு வந்தபோது, இனி வருபவை பின்னதிர்வுகள் என்றே மக்கள் புரிந்துகொண்டார்கள். பலர் வீடு திரும்பினார்கள். 28 மணி நேரத்தில் வந்தது 7.3. முந்தியதே முன்னதிர்வு என்று பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வானிலை முகமை தன் முன்னறிவிப்புகளில் அந்தச் சொல்லைக் கைவிட்டு, அதே அளவு அதிர்வு மீண்டும் வரலாம் என்று எச்சரிக்கத் தொடங்கியது.

2011இன் பின்னதிர்வு என்றே முகமை வகைப்படுத்திய இன்னோர் அதிர்வு, 2021 பிப்ரவரி 13 இரவு வந்தது, அளவு 7.3. டாய்ச்சியின் முதல், மூன்றாம் உலைகளின் கொள்கலன்களில் நீர்மட்டம் இறங்கியது. கழிவுநீர்த் தொட்டிகளில் 50க்கும் மேற்பட்டவை இருந்த இடத்திலிருந்து நகர்ந்தன. மூன்றாம் உலைக் கட்டடம் எவ்வளவு குலுங்கியது என்பதற்கு மட்டும் பதிவில்லை. பத்தாண்டு பழைய சிதைவு எப்படிக் குலுங்குகிறது என்று பார்க்கவே அங்கே இரண்டு அதிர்வுமானிகளை வைத்திருந்தார்கள். இரண்டும் முந்தைய ஆண்டே பழுதாகியிருந்தன, யாரும் சரிசெய்திருக்கவில்லை.