மூக்கும் புருவமும் விரல்களும்

திருவரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பராமாயணம் அங்கேதான் அரங்கேறியது என்பது மரபு. சூர்ப்பணகைப் படலம் பாடமாக வரும் ஆண்டுகளில் மாணவிகளை அங்கே அழைத்துப் போவேன். வால்மீகியில் மூக்கும் காதும் அறுபடுகின்றன. கம்பர் முலைக்காம்புகளையும் சேர்த்துக்கொள்கிறார். இது கதையோடு முடிந்த காரியமல்ல. கற்பின் பெயரால் பெண்ணின் மூக்கை அறுக்கும் தண்டனை இந்த நாட்டில் இருந்தது. நெற்றித் தோலை இறக்கி மூக்குச் செய்யத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். புனே அருகே நடந்த அப்படியொரு சிகிச்சையை 1794இல் லண்டன் இதழ் ஒன்று வெளியிட்டது. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

அறுத்தவன் பெயர் நமக்கு மனப்பாடம். சீர்செய்தவர்களில் ஒரு பெண்ணின் பெயரையாவது சொல்லுங்கள் என்று மாணவிகள் கேட்டால், நான் சொல்வது மேரி வர்கீஸ்.

1925இல் கேரளத்தில் பிறந்தவர். பெண்களுக்காக ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, கல்லூரியாக வளர்ந்த காலத்தில் அங்கே படித்தார். மகளிர் மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். 1954இல் நண்பர்களோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டில் அடி, இரண்டு கால்களும் செயலிழந்தன. முகத்திலும் ஆழமான காயம். இனி வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலிதான்.

அதே வேலூரில் பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி அதைக் கற்றுக்கொண்டார்.

அவரைப் பற்றிப் பேசுபவர்கள் மன உறுதியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் சலிப்பு. ஆண் மருத்துவர் என்றால் அவருடைய கைத்திறனைப் பேசுவோம். பெண் என்றால் சகிப்பைப் பேசுகிறோம். அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். நரம்பு செத்துப்போனதால் விரல்கள் கொக்கிபோல் மடங்கிக் கிடக்கும். உயிருள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, நான்காகப் பிளந்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைக்க வேண்டும். இழுப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பயனில்லை. அதன்பின் பல வாரப் பயிற்சி; வேறு வேலை செய்துகொண்டிருந்த தசைக்கு மூளை புது வேலையைக் கற்றுத்தர வேண்டும். அதற்குப் பிறகுதான் சோற்றைப் பிசைந்து சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியும். இழந்த உணர்ச்சியை எந்த அறுவை சிகிச்சையும் திருப்பித் தராது. அடுப்பில் வேலை செய்யும் பெண்ணுக்கு அதன் பொருள் தெரியும்: பாத்திரம் சுடும், கை அதை அறியாது.

தொழுநோய்க் கிருமியை மாத்திரை கொல்லும். ஆனால் அமுங்கிய மூக்கும் உதிர்ந்த புருவமும், குணமானவரையும் நோயாளி என்றே காட்டிக்கொடுக்கும். மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே கீறி, உள்ளே புதுத் தோல் வைத்து மூக்கைத் தூக்கி நிறுத்தும் முறையை வேலூரில் செய்தார்கள். தலைத்தோலில் ஒரு கீற்றை நெற்றிக்கு அடியில் நகர்த்திப் புருவமாக்கினார்கள். அது தலைமுடி போலவே நீளும். கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலர் கத்தரிக்காமல் பெருமையாக வளர்த்தார்களாம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

என் சிறுவயதில் அம்மா மண்டபம் படித்துறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் கைகளை நினைத்துக்கொள்கிறேன். சீரான கையோடு வேலூரிலிருந்து திரும்பியவருக்கும் வேலை கிடைப்பது எளிதாக இல்லை, பிச்சையும் குறைந்தது. கையைச் சரிசெய்தால் போதாது என்பதை அங்கிருந்த மருத்துவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள்.

மேரியின் பணி அடுத்து அந்தத் திசையில்தான் போனது. நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963இல் வேலூரில் அந்தத் துறையின் முதல் தலைவரானார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் 1966இல் உருவானது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது, ஒரு தொழில் கற்பது என எல்லாம் அங்கே பாடம். நாற்காலியில் வந்து அதைச் சொல்லும் மருத்துவரிடம், 'உங்களுக்கென்ன தெரியும்' என்று யாரும் கேட்டிருக்க முடியாது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது. 1986இல் மேரி காலமானார்.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், தொழுநோயை மணமுறிவு கேட்கப் போதுமான காரணமாக ஏற்றிருந்தது. அந்தப் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது 2019இல்.