துருக்கியின் கெலெக்ச்சியும் நம் ஜவ்வாது மலையும்

துருக்கி என்னும் பெயர் நம் பகுதி ஜமாஅத்தார்க்குப் புதியதன்று. 1920 ஆகஸ்டில் செவ்ர் உடன்படிக்கை உஸ்மானியப் பேரரசைத் துண்டாடிய வேளையில், கிலாஃபத்துக்கு ஆதரவு திரட்டக் காந்தியடிகளும் மௌலானா சௌகத் அலியும் சென்னை மாகாணத்தைச் சுற்றி வந்தனர். மறு ஆண்டு யாகூப் ஹசன் சேட் சிறை சென்றார். 1924 மார்ச் 3 அன்று துருக்கியின் நாடாளுமன்றமே கிலாஃபத்தை நீக்கிற்று. துருக்கி பற்றிய நம் பேச்சும் பெரும்பாலும் அந்த ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதன் பின்னர் அந்நாட்டின் எளிய மக்கள் தம் அரசிடம் நீதி கேட்டு நின்ற வரலாற்றை நாம் அதிகம் படித்ததில்லை. அவ்வரலாற்றின் ஒரு பக்கம், நம் தலைக்கு மேலே நிற்கும் ஜவ்வாது மலையின் துயரத்தை விளங்கிக்கொள்ள உதவும் என்பதாலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தென்கிழக்குத் துருக்கியில் தியார்பக்கிர் மாகாணத்தில் கெலெக்ச்சி என்றொரு கிராமம். அங்கு வாழ்ந்தோர் குர்துகள். அரசுக்கும் குர்துப் போராளிகளுக்கும் நடந்த சண்டையால் அப்பகுதி 1987 முதல் நெருக்கடி நிலைச் சட்டத்தின் கீழ் இருந்தது. 1992 நவம்பரில் அக்கிராமத்தின் வீடுகள் தீக்கிரையாயின. பாதுகாப்புப் படையினரே எரித்தனர் என்றனர் மக்கள். அரசு மறுத்தது. எரித்தவர்களும் எரிக்கப்பட்டவர்களும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். முஸ்லிம் நாட்டில் நடந்தது என்பதனால் அநீதி நீதியாகிவிடாது.

அம்மக்களுக்கு ஒரு வாசல் இருந்தது. 1987-இல் துருக்கி, தன் குடிமக்கள் ஐரோப்பிய மனித உரிமை அமைப்பிடம் நேரடியாக முறையிடலாம் என ஒப்புக்கொண்டிருந்தது. கெலெக்ச்சி மக்கள் முறையிட்டனர். முதலில் எங்கள் நாட்டு நீதிமன்றத்துக்கல்லவா சென்றிருக்க வேண்டும் என்று அரசு வாதிட்டது. படையினரால் வீடிழந்தவர்க்கு அங்கே பரிகாரம் கிடைத்ததாக ஒரு சான்றும் காட்டப்படவில்லையே என்று ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிற்று. முறையிட்டவர்களை அதிகாரிகள் அழைத்து விசாரித்ததையும் அது கண்டித்தது. 1996 செப்டம்பர் 16 அன்று, வீடுகளை எரித்த பொறுப்பு அரசுப் படையினருடையதே எனத் தீர்ப்பாயிற்று. நான்கே ஆண்டுகள்!

அதே 1992-இல், ஜூன் 20 அன்று, நம் மலைக்குத் தெற்கே சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் என்ன நடந்தது? சந்தனக் கட்டைகளைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பெரும்படையாக நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். தாய்மார்களும் குழந்தைகளும் சிறையில் அடைக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் 1995-இல் சி.பி.ஐ. விசாரணைக்கு ஆணையிட்டது. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தேதி 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு உறுதியானது 2023 செப்டம்பர் 29-இல். 31 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் அப்பெண்கள் சாட்சியத்திலிருந்து பின்வாங்கவில்லை. அவர்களுக்குத் துணை நின்றது மலைவாழ் மக்கள் சங்கம்.

இனி ஜவ்வாது மலைக்கு வருவோம். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடியினருக்குச் சாமையும் புளியும் தேனும் கடுக்காயுமே வாழ்வு. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தேவைப்பட்ட காலத்தில், மலையிலிருந்து இறங்கிய மூட்டைகளை நம் அடிவாரத்து ஊர்கள் நன்கறியும். அதே மலையில் சந்தன மரமும் விளைந்தது. தன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனம்கூட மலைவாசிக்குச் சொந்தமில்லை. 2002-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குள் மரங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. வெட்டியவன் கூலியைப் பெற்றான், விற்றவன் மாளிகையைக் கட்டினான். பின்னர், ஆந்திராவின் சேஷாசலக் காடுகளில் செம்மரம் வெட்டக் கோடரி பிடிக்கத் தெரிந்த கைகளைத் தேடித் தரகர்கள் மலையேறினர்.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த அக்காடுகளில், ஆந்திரச் சிறப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழர்கள் மாண்டனர். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தோர் அவர்களுள் பலர். சித்தேரி மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். கல்லெறிந்து தாக்கினர், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. ஆனால் உயிர் தப்பியவர்கள் வேறு கதை சொன்னார்கள். உடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்தே காவலர்கள் இறக்கிக் கொண்டுபோயினர் என்றும், ஒரு பெண்ணின் அருகில் அமர்ந்திருந்ததால் தாம் தப்பியதாகவும் ஒருவர் கூறினார். அச்சாட்சிகளைத் தில்லிக்கு அழைத்துச் சென்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நிறுத்தியது மதுரை மக்கள் கண்காணிப்பகம். மரம் வெட்டுவது குற்றமே. அதை நாம் மறுக்கவில்லை. அக்குற்றத்துக்குச் சட்டத்தில் சிறைத் தண்டனை உண்டு. மரண தண்டனை இல்லை.

இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் சி.பி.ஐ. விசாரணையும் வேண்டும் என ஆணையம் பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லை நாம் அழுத்தியே எழுதுகிறோம். 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆணையத்துக்கு விசாரிக்கும் அதிகாரத்தையே தந்தது. தீர்ப்பளித்து நிறைவேற்றும் அதிகாரத்தைத் தரவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்போ துருக்கி அரசைக் கட்டுப்படுத்துவது. கெலெக்ச்சியின் குர்து தன் நாட்டைத் தாண்டித் தட்ட ஒரு கதவு இருந்தது. ஆசியக் கண்டத்துக்கு அத்தகைய மனித உரிமை நீதிமன்றம் இல்லை; ஜமுனாமரத்தூரின் விதவைக்கு, வாச்சாத்திப் பெண்களை 31 ஆண்டுகள் காக்க வைத்த அதே நீதிமன்றப் படிகள்தாம் உள்ளன.