வௌவாலும் எலிக்காய்ச்சலும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே வயல் சூழ்ந்து கிடப்பது படுவான்கரை. மாரி பிறந்ததும் உழவர் அங்கே சேற்றில் இறங்குகின்றனர். அந்நீரிலே பதுங்கியிருக்கும் பகை எலிக்காய்ச்சல்.

1886ஆம் ஆண்டில் ஜேர்மன் மருத்துவர் வைல் இந்நோயின் கடுமையான வடிவத்தை விவரித்தார். அதன் காரணம் சுருள் வடிவான ஒரு பற்றீரியா என்பதை 1915இல் யப்பானிய அறிஞர் இனாடாவும் இடோவும் அறிவித்தனர். அதனைச் சுமப்பது எலி என்பதும் விரைவில் தெளிவாயிற்று. 1939இல், அந்நாளைய ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகளில், கொலியரும் மொக்தாரும் வௌவாலின் சிறுநீரகத்திலும் அவ்வினக் கிருமியைக் கண்டனர். அந்த மொக்தாரையே 1945 யூலை 3இல் யப்பானியப் படையினர் பொய்க்குற்றம் சுமத்திச் சிரச்சேதம் செய்தனர். அவர் தேடிய அறிவோ அழியவில்லை.

இதனைக் கேட்டு வௌவாலைக் கொல்லப் புறப்படுதல் பேதைமை. பூச்சியை உண்டும் விதையைப் பரப்பியும் அது நமக்கு உதவுகின்றது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீர் கால்வெடிப்பின் வழியே புகுவதனாலேயே நோய் பெரும்பாலும் வருகின்றது. ஆகவே, வயலில் இறங்குமுன் புண்ணை மூடுங்கள். சுகாதார அலுவலர் தரும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைத் தவறாது உட்கொள்ளுங்கள். காய்ச்சலும் தசைநோவும் கண்டால், வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.